கம்பளி ஆட்டுக்குச் சாரல் ஆகாது

குற்றாலச் சீசனுக்கு வருத ஆட்கள் எங்க வேலிப்பக்கம் காரை நிப்பாட்டி, கண்ணாடியை எறக்கி, ஒரு வார்த்தை சொல்லுவாவ. "கொடுத்து வச்சவங்க நீங்க." அதைக் கேட்டாலே எனக்கு அடிவயித்துல இருந்து எரிச்சல் வரும். பின்னால மலை, மலை மேல மேகம், தென்னைக்கு நடுவுல உருண்டை உருண்டையா கம்பளி ஆடு. பாக்க நல்லாத்தான் இருக்கும். காருக்குள்ள உக்காந்து பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். எறங்கி வந்து ஒரு நாள் புழுக்கை அள்ளிப் பாருங்க, யாரு என்னத்தக் கொடுத்து வச்சான்னு தெரியும்.

இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல எங்க இடம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வயல், ஓரத்துல ஆட்டுக் கொட்டகை. இருபத்திரண்டு கம்பளி ஆடு நின்ன கொட்டகை அது. போன வருசச் சாரல் மழையில ஏழு போச்சு. எப்படிப் போச்சுங்கதைத்தான் எழுத உக்காந்திருக்கேன். எழுதும்போதே எனக்குக் கோவம் வரும். வரட்டும். இந்த வயசுல அதை அடக்கி வச்சு யாருக்குக் காட்டப் போறேன்.

எங்க வீட்டுக்காரவிய பட்டாளத்துல இருந்தாவ. எங்க பக்கத்துல வீட்டுக்கு ஒரு ஆள் போலீசு, இல்லைன்னா பட்டாளம். அவிய அங்கன பனியில காவல் நின்ன காலமெல்லாம் இங்கன நான் ஆடு வளத்தேன். நம்ம ஊரு செவப்பு ஆடு. கம்பளியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நாய்க்கு இருக்க மாதிரி ஒட்டுன முடி. மழை பேஞ்சா ஒரு உதறு உதறிட்டு மேயப் போயிரும். எதை விக்கணும், எதை வைக்கணும், குட்டியை எப்ப பால் மறக்க வைக்கணும், எல்லாம் நான்தான் முடிவு பண்ணுவேன். வயல் அறுத்ததும் விவசாயம் பாக்குத சம்சாரிமாரு என்னையத் தேடி வந்து, "எக்கா, நம்ம வயல்ல ரெண்டு ராத்திரி கிடை போடு"ன்னு கேப்பாவ. ஆடு ராத்திரி வயல்லேயே அடைஞ்சா புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குப் போயிரும்லா, அதுக்கு. வருசத்துக்கு ஒரு தடவை இவிய லீவுல வரும்போது கொட்டகையை எட்டிப் பாத்து, "பரவாயில்லையே"ன்னு சொல்லிட்டுப் பிரியாணிக்கு எந்தக் கிடான்னு கேப்பாவ. அம்புட்டுத்தான் அவியளுக்கும் ஆட்டுக்கும் உள்ள சம்பந்தம்.

ரிட்டையர் ஆகி வந்தாவ. லீவுல வந்த வரைக்கும் விருந்தாளி. ரிட்டையர் ஆனதும் அதிகாரி. வாளி எங்க இருக்கணும், கயிறு எங்க தொங்கணும்னு கொட்டகைக்குள்ள சட்டம் போட ஆரம்பிச்சாவ. நான் சிரிச்சுக்கிட்டுப் போயிட்டேன். வாளிதானே, எங்கன இருந்தா என்ன.

அந்த மார்கழியில மகளுக்கு ரெண்டாவது பிரசவம். கோயம்புத்தூருக்குப் போயிட்டேன். பேரப்பிள்ளைக்குக் குளிக்க வார்த்து, மகளுக்குப் பத்தியம் ஆக்கிப் போட்டு, பொங்கல் முடிஞ்சுதான் திரும்பி வந்தேன். பையை வாசல்ல போட்டுட்டு நேரா கொட்டகைக்குப் போறேன், என் ஆடு ஒண்ணைக் காணும். ஒண்ணு கூட இல்ல. மூஞ்சியைத் தவிர உடம்பெல்லாம் முடி மண்டின இருபத்திரண்டு ஜந்து என்னையப் பாத்து முழிக்கு. பின்னாலேயே வந்து நின்னு இவிய சிரிக்காவ.

"எப்படி இருக்கு? கொடைக்கானல் மலை மேல இருந்து லாரியில எறக்குனேன்."

"நம்ம ஆடு எங்க?"

"அதைச் சந்தையில தள்ளியாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நெனச்சேன்."

சர்ப்ரைஸாம். என் கையால தொப்புள்கொடி அறுத்த ஆடு அவ்வளவும். தூக்கி வளத்த தாய் ஆடு ஒண்ணு, என் சேலை முந்தானையைத் தின்னே பழகினது, அதையும் சேத்து வித்தாச்சு. நான் அங்கனயே கீழ உக்காந்து அழுதேன். அவியளுக்கு ஏன் அழுதேன்னே புரியல. சந்தோசத்துல அழுதேன்னு கூட நெனச்சிருக்கலாம், சொல்ல முடியாது.

அவிய பக்கத்து நியாயத்தையும் சொல்லிருதேன். வடக்க மலைப்பாதையில ஆட்டு மந்தை குறுக்க போகும்போது பட்டாள வண்டியெல்லாம் நின்னு வழி விடுமாம். தெரு அடைக்க வெள்ளையா ஒழுகிப் போகுமாம். ரிட்டையர் ஆனா இப்படி ஒரு பத்து ஆடாவது வளக்கணும்னு எத்தனையோ வருசமா மனசுக்குள்ள வச்சிருந்தாவளாம். அந்த ஆசையில எனக்குக் குத்தம் தெரியல. ஆசை மனசுக்குள்ள இருந்த அத்தனை வருசத்துல ஒரு நாளாவது வாயைத் திறந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமேங்கதுதான்.

சரி, வந்தாச்சு. வாயில்லா ஜீவன் மேல கோவப்பட்டு என்ன செய்ய. மாசியில பிசான நெல்லு அறுத்த வயல்ல கிடை போட்டோம். சம்சாரிமாரு வந்து இந்த ஆட்டுப் புழுக்கைக்கும் அதே வீரியம் இருக்குமான்னு கேட்டாவ. அறுத்த தாளுக்கு நடுவுல முளைக்குத ஒட்டுப்புல்லும் நெருஞ்சி முள்ளும் இருக்கே, அது நம்ம ஊரு ஆட்டு மேல ஒட்டாது. இதுக மேல ஒட்டுனா விடாது. சாயந்தரம் ஆனா ஒவ்வொண்ணாப் பிடிச்சு வச்சு, பேன் பாக்குத மாதிரி முடியை விலக்கி விலக்கி எடுப்பேன். விரல் நுனியெல்லாம் குத்திக் குத்திப் புண்ணு. இவிய பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, இமாச்சலத்துல இந்த முடி என்ன வெலைக்குப் போகும்னு கத சொல்லுவாவ.

பங்குனி, சித்திரை வெயிலுக்கு அதுக பட்ட பாடு இருக்கே. நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்க ஆரம்பிச்சிரும். விடியுமுன்ன பத்திக்கிட்டுப் போய் வெயில் ஏறுமுன்ன தென்னை நிழலுக்குக் கொண்டு வந்திருவேன். பொறவு மோட்டாரைப் போட்டு வாய்க்கால்ல தண்ணி விட்டு, அதுக நிக்கிற மண்ணை நனைக்கணும். மத்தியானம் பூரா இதே வேலை. முடி கொஞ்சம் வளந்துதான் வந்துச்சு, சித்திரையில இன்னும் வளந்துச்சு. கையை உள்ள விட்டா மணிக்கட்டு வரைக்கும் போகும், உள்ள அடுப்பு மாதிரி கொதிக்கும். அப்பவே வெட்டிருவோம்னு சொன்னேன். "இன்னும் கொஞ்சம் நீளட்டும், நீளமா இருந்தாத்தான் மதிப்பு"ன்னாவ. யாருகிட்ட மதிப்புன்னு எனக்கு வெளங்கல. கடையநல்லூர்ல தறி வச்சிருக்க தெரிஞ்சவங்க கிட்டக் கேட்டதுக்கு, "லுங்கி நெய்யுத தறியில கம்பளியைக் கொண்டு வந்து போட்டா தறியும் போவும், கம்பளியும் போவும்"னு சிரிச்சுட்டாவ.

வைகாசி பொறந்துச்சு. கணவாய் வழியா காத்து திரும்புத மாசம் அது. செங்கோட்டைப் பக்கம் இருந்து ஒரு ஈரக்காத்து வந்து தென்னை ஓலையைப் புரட்டும். எங்க ஊரு ஆளுக அதை மூக்குலேயே கண்டுபிடிச்சிருவாவ. ஆடு வித்த மலைக்காரருக்கு நானே போனைப் போட்டேன். இவியளும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல வச்சேன். அவர் தெளிவாச் சொன்னார். "மழைக்கு முன்னாடி ஒரு வெட்டு, மழை கழிஞ்சு ஒரு வெட்டு. மறந்துராதீங்கம்மா. ஈரம் உள்ள எறங்கிட்டா ஆடு தாங்காது."

இவிய பக்கத்துல நின்னு கேட்டாவ. கேட்டுட்டு, "அது அவங்க ஊருக்கு. நம்ம ஊரு சாரல் பத்தி அவருக்கு என்ன தெரியும்"னாவ.

இங்கனதான் எங்க ஊரு புத்தியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எங்களுக்குச் சாரல்னா குளிர். வருசத்துல மத்த மாசம் பூரா வெந்து சாகுத ஆட்கள்லா, ஆனி ஆடியில கொஞ்சம் காத்து குளுந்ததும் ஒவ்வொருத்தனும் பொட்டியைத் திறந்து சொட்டரை எடுப்பான். காதுக்கு மப்ளர், தலைக்கு குரங்குக் குல்லா. டீக்கடையில நிக்கிறவனைப் பாத்தா காஷ்மீர்னு நெனச்சுக்கிடுவிய. அப்படிப்பட்ட ஊருல போய், சாரல் வருது, ஆட்டுக் கம்பளியைக் கழட்டப் போறேன்னு சொன்னா எவன் ஒத்துக்கிடுவான்? தேங்காய் வெட்ட வருத அண்ணாச்சி, "வெறச்சுச் செத்துரும் தாயி"ன்னார். பால்காரரும் அதையேதான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி, "மழைக்காலத்துல பச்சப்பிள்ளை சட்டையைக் கழட்டுவியா"ன்னு கேட்டா. இவியளுக்கு நெஞ்சு நிமிந்துருச்சு.

"கேட்டியா? குளிருக்குக் கோட்டு போடுவாங்களா, கழட்டுவாங்களா? நாங்க பனியில நின்னவங்க."

"பனி வேற, சாரல் வேற. பனியை உதறுனா விழுந்துரும். சாரல் உள்ள எறங்கி உக்காந்துக்கிடும்."

"ஏளா, நீ பனியைப் பாத்திருக்கியா?"

"நீங்க சாரல்ல ஆடு மேச்சிருக்கியளா?"

பதில் இல்லைன்னா ஆம்பளைகளுக்கு ஒரு வழி இருக்கும்லா, குரலை ஒசத்துதது. "இது என் பென்சன்ல வாங்கின ஆடு. சாரல் முடியுத வரைக்கும் ஒருத்தியும் கத்தரியைத் தொடப்படாது"ன்னாவ. ஒருத்தியும்னா எத்தனை பேரு? அந்த வீட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன்.

மூணு நாள் நான் அவியகிட்ட பேசல. சோத்தை வைப்பேன், போயிருவேன். அசையல. அதுக்குள்ள என் கொழுந்தன் வேற வந்து சேந்தான். அவனுக்கு ஐந்தருவி ரோட்டுல காட்டேஜ் இருக்கு. சீசனுக்கு மட்டும் காசு பாக்குத தொழில். காட்டேஜ்ல தங்குதவங்களைக் கூட்டிட்டு வந்து கம்பளி ஆட்டோட போட்டோ எடுக்க வைக்கலாம்னு அண்ணன்கிட்ட ஏற்கெனவே பேசி வச்சிருக்கான். "மதினி, முடியை மட்டும் இப்ப தொட்ராதீங்க. போட்டோவுல அதான் கெத்து"ன்னான். அவனுக்குக் கெத்து, அண்ணனுக்குக் கோட்டு. ஆட்டுக்கு என்ன வேணும்னு கேக்க ஒரு ஆள் இல்ல.

ஆனி பிறந்து சாரல் பிடிச்சுச்சு. அந்த வருசம் நல்ல சாரல். வெயில் அடிக்கும், அடிக்கும்போதே தூறும், நிக்கும், மறுபடி தூறும். அருவியில தண்ணி விழுதுன்னு ஊரெல்லாம் கொண்டாட்டம். எண்ணெய் தேய்ச்சு விடுதவங்களுக்குக் கை ஓயல, லாட்ஜுல இடம் கிடையாது, ரோட்டுல கார் நகர மாட்டேங்குது. எங்க கொட்டகையில ஈரச் சாக்கு நாத்தம். தூறல்ல மேஞ்சிட்டு வந்த ஆட்டு முடி தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு, ஒவ்வொரு ஆடும் ரெண்டு ஆட்டு கனம் கனத்துச்சு. படுத்தா எந்திரிக்க முடியாது. நான் வயித்துக்குக் கீழ கையைக் குடுத்துத் தூக்கி விடணும். மேல மட்டும் காயும், உள்ள விரலை விட்டா சொதசொதன்னு இருக்கும். புகை மூட்டம் போட்டேன், வெறகு கரி போட்டுச் சூடு காட்டினேன், பழைய வேட்டியால துவட்டுனேன். துவட்டி முடிக்குமுன்ன அடுத்த தூறல்.

ஆடி மொத வாரத்துல ஒரு தாய் ஆடு பின்னங்காலை உதைச்சுக்கிட்டே நின்னுச்சு. தன் வெலாவைத் தானே திரும்பித் திரும்பிக் கடிச்சுச்சு. வாலடியில முடியை விலக்கிப் பாத்தேன். உலையில அரிசி கொதிக்குத மாதிரி புழு. தோலைத் தின்னு சதைக்குள்ள போயிருக்கு. ஈர முடியில ஈ முட்டை போட்டிருக்கு, நடுவுல அடிச்ச வெயில்ல பொரிச்சிருக்கு. சூடத்தை வேப்பெண்ணெயில கரைச்சு ஊத்தி, குச்சியால ஒவ்வொண்ணா எடுத்தேன். எடுக்க எடுக்க வருது. ரெண்டு நாள்ல அது செத்துப் போச்சு. வயித்துல குட்டி இருந்துச்சு.

இவிய பாத்துட்டு, "காய்ச்சல்லா இருக்கும்"னாவ.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவை வரச் சொன்னேன். சின்னப் பிள்ளை, மழைக்கோட்டு போட்டு ஸ்கூட்டியில வந்தா. பாத்ததும் மொத வார்த்தை, "ஏன் இன்னும் முடியை எடுக்கல?" நான் இவிய மூஞ்சியைப் பாத்தேன். இவிய மலையைப் பாக்காவ. டாக்டரம்மா ஊசி போட்டா, மருந்து குடுத்தா, "உடனே வெட்டுங்க சார், இல்லைன்னா ஒவ்வொண்ணாப் போகும்"னு சொல்லிட்டுப் போனா. ஸ்கூட்டிச் சத்தம் மறையல, இவிய சொல்லுதாவ, "அந்தப் பிள்ளை படிச்சு முடிச்சே ரெண்டு வருசம் இருக்காது. அது என்ன சாரலைக் கண்டுச்சு."

மலைக்காரர் சொன்னா சாரல் தெரியாது. டாக்டரம்மா சொன்னா வயசு பத்தாது. நான் சொன்னா பனி தெரியாது. அப்ப யாருதான் சொல்லணும்? ஆடே எந்திரிச்சு வந்து சல்யூட் அடிச்சு ரிப்போர்ட் பண்ணணுமா? இப்படித்தான் கேட்டேன், இதே வார்த்தையில. இவிய குடையை எடுத்துக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டாவ. அந்த வாரத்துலயே இன்னும் மூணு செத்துச்சு. நாலையும் நான்தான் குழி வெட்டிப் புதைச்சேன். ஈர மண்ணு, வெட்ட லேசாத்தான் இருந்துச்சு.

அந்த ஞாயித்துக்கெழமை கொழுந்தன் ஒரு குடும்பத்தைக் கூட்டிட்டு வந்தான். மெட்ராஸ்காரங்க. நான் வேண்டாம்னு வேலியில வச்சே தடுத்தேன். "ஆட்டுக்குச் சொகமில்ல, இன்னொரு நாள் வாங்க." கொழுந்தன் கேக்கல. "அஞ்சு நிமிசம் மதினி." இவியளும் வெளிய வந்து வாங்க வாங்கன்னு சிரிச்சாவ. அதுல ஒரு பொம்பளப் பிள்ளை, நாலு வயசு இருக்கும், ஓடிப் போய் ஒரு ஆட்டைக் கட்டிப் பிடிச்சுச்சு. அம்மாக்காரி போனைத் தூக்கிட்டு, "அப்படியே இரு, அப்படியே இரு"ங்கா. பிள்ளை முடிக்குள்ள கையை விட்டுச்சு. கையை வெளிய எடுத்தா விரல் பூரா புழு.

பிள்ளை அலறுன அலறல் இப்பவும் என் காதுல இருக்கு. நான் தூக்கிட்டு ஓடிப் பைப்புல வச்சு, சோப்பு போட்டு, கையைக் கழுவிக் கழுவி விட்டேன். அது என் தோள்ல மூஞ்சியைப் புதைச்சு நடுங்குது. அப்பாக்காரன் கொழுந்தனைக் கிழி கிழின்னு கிழிக்கான். அவங்க கார் போனதும் கொழுந்தன் என்கிட்ட வந்து நிக்கான். "மானம் போச்சு மதினி. நீங்களாவது ஆட்டைச் சுத்தமா வச்சிருக்கக் கூடாதா?"

வாயைத் திறந்தா வேற வார்த்தைதான் வரும். நேரா இலஞ்சிக்கு நடந்து போய் துணி தைக்குத அக்காகிட்ட பெரிய கத்தரியைக் கேட்டு வாங்குனேன். எதுக்குன்னு கேட்டா. ஆட்டுக்குன்னேன். என் மூஞ்சியைப் பாத்துட்டு வேற கேள்வி கேக்காமக் குடுத்துட்டா.

திரும்பி வந்து கொட்டகையில சாக்கை விரிச்சேன். மொத ஆட்டைப் பிடிச்சு, உக்கார வச்சு, முதுகை என் முழங்கால்ல சாத்தி, வயித்துல இருந்து ஆரம்பிச்சேன். இவிய வந்து வாசல்ல நின்னாவ.

"நான் என்ன சொல்லியிருக்கேன்?"

"நீங்க சொன்னது நாலு குழிக்குள்ள கெடக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க."

அவிய வேலிப்பக்கம் போயிட்டாவ. நான் தலையைத் தூக்கல. ஈர முடி கத்தரிக்குச் சிக்காது, சிக்குனா நழுவும். மொத ஆட்டுக்கு ரெண்டு எடத்துல தோல்ல பட்டு ரத்தம் வந்துருச்சு. மஞ்சளை அப்பினேன். ரெண்டாவது கொஞ்சம் நல்லா வந்துச்சு. உள்ளங்கை கொப்புளம் உடைஞ்சு கத்தரி வழுக்குனப்ப துணியைச் சுத்திக்கிட்டேன். ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு. வெட்டின முடியைக் குமிச்சா கொட்டகை நாறுது. அதுக்குள்ள இருந்து புழு ஊர்ந்து வருது. வெட்டின ஆட்டுக்குக் குளிரக் கூடாதுன்னு அரிசிச் சாக்கைக் கிழிச்சு முதுகுல கட்டி விட்டேன். இருந்த எல்லாத்தையும் முடிச்சேன். ஒருத்தர் ஒரு கை பிடிக்க வரல. இவிய திண்டாடித் திண்டாடி வேலிக்குக் கம்பி கட்டுனாவ, நல்லா இருந்த வேலிக்கு.

அந்த வாரம் ரோட்டுல போன ஒரு கார்க்காரி எறங்கி வந்து, எலும்பு தெரிய நிக்கிற ஆட்டைப் பாத்துட்டு, "இந்தக் குளிர்ல மொட்டை அடிச்சிட்டீங்களே, பாவம் இல்லையா? மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"ன்னு கேட்டா. கையில ஆட்டுக்கறி பிரியாணிப் பொட்டலம். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். அந்தப் பழமொழியை அவளுக்குச் சொன்னேன், முழுசா, மூஞ்சிக்கு நேரா. அவ அதையும் வீடியோ எடுத்துட்டுப் போனா. எங்கெங்க போட்டாளோ, எத்தனை பேரு என்னையக் கொலைகாரின்னு எழுதுனானோ. எழுதட்டும்.

ஆனா அதுக்குப் பொறவும் மூணு செத்துச்சு. அதுதான் என்னையக் கொன்னுச்சு. வெட்டின ஆடு, சாக்கு கட்டின ஆடு, காலையில பாத்தா காலை நீட்டிக் கெடக்கு. இவிய வாசல்ல நின்னு ரொம்பப் பைய சொன்னாவ, "சொன்னேன்லா, குளிர் தாங்காதுன்னு." தேங்காய் வெட்டுத அண்ணாச்சி உச்சுக் கொட்டுனார். பக்கத்து வீட்டுக்காரி, "கோட்டி பிடிச்சவ மாதிரி அறுத்துத் தள்ளினா என்ன ஆகும்"னு என் காதுல விழவே பேசினா. ஒரு ராத்திரி பூரா நானே கொன்னுட்டேனோன்னு நெனச்சேன். டாக்டரம்மாதான் மறுநாள் வந்து, செத்த ஆட்டைப் புரட்டிக் காட்டினா. வாலடியில உள்ளுக்குள்ள வரைக்கும் ஓட்டை. "புழு ஏற்கெனவே உள்ள போயாச்சு சார். குளிர்ல செத்தது இல்ல. பத்து நாளைக்கு முன்னாடி வெட்டியிருந்தா இதுகளும் இருந்திருக்கும்." இவிய கையைக் கட்டிக்கிட்டு நின்னு கேட்டாவ. போய் மண்வெட்டியை எடுத்துட்டு வந்து, அந்த மூணுக்கு அவியளே குழி வெட்டுனாவ.

ஆவணி வந்துச்சு. மிச்சம் பதினஞ்சும் நின்னுச்சு. குட்டை முடியில சாரல் பட்டா ஒரு உதறு, ஒரு மணி நேரத்துல காஞ்சிரும். புல்லைப் பாத்துப் பாய்ஞ்சு மேயுது. புரட்டாசி வெயில்லயும் இரைக்கல. ஐப்பசி கார்த்திகை அடைமழையில குளம்பு அழுகி நொண்டுச்சு, சுண்ணாம்புத் தண்ணியில நிறுத்தி எடுத்தேன், சரியாப் போச்சு. மார்கழியில ஆறு குட்டி. நாத்தம் பிடிச்ச அந்த முடியை வாங்க நாதி இல்லாம, தென்னை மரத்து அடியைச் சுத்தித் தோண்டிப் புதைச்சு மண்ணைத் தள்ளினேன். அந்த மரங்களுக்கு மட்டும் அடுத்த கோடையில தண்ணி பாதிதான் தேவைப்பட்டுச்சு. கம்பளியால இந்த வீட்டுக்கு வந்த லாபம் அது ஒண்ணுதான்.

இவிய டீக்கடையில என்ன சொன்னாவ தெரியுமா? பால்காரர் வந்து சொன்னார். "இந்த வருசம் சாரல் கடைசியில கொறஞ்சிருச்சு, அதனாலதான் மிச்ச ஆடு பொழச்சுது." எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கோவம் ரொம்ப மண்டிப் போனா சிரிப்புதான் வரும் போல. வானம் பாத்துப் பொழைக்க வச்சுதாம். கொப்புளம் ஆறின என் கையை யாரும் பாக்கல. பாத்து மெச்சணும்னு நான் கேக்கல. ஆடு நிக்கணும், அடுத்த சாரலுக்கு முன்னால அதுக முதுகுல முடி இருக்கக் கூடாது, அம்புட்டுத்தான் எனக்கு. தை, மாசி, பங்குனின்னு ஒவ்வொரு மாசமும் முடி வளர வளர நான் விரலை விட்டு அளந்துக்கிட்டே இருந்தேன். மறுபடியும் அதே சண்டை, அதே கோட்டு, அதே பென்சன். இந்தத் தடவை பேசப் போறதில்ல, நேரா கத்தரிதான்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன். சண்டைக்கு வேண்டிய வார்த்தையெல்லாம் மனசுக்குள்ள கூர் தீட்டி வச்சாச்சு.

இந்த வைகாசியில காத்து திரும்பின அன்னைக்கு நான் தென்னைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு நின்னேன். இவிய வந்து பக்கத்துல நின்னாவ. ஒரு மடையை அடைச்சு இன்னொரு மடையைத் திறந்து விட்டாவ. செத்த நேரம் மேக்க பாத்தாவ. பொறவு, என்னையப் பாக்காமலே கேட்டாவ.

"என்னைக்கு வெட்டலாம்?"

நான் தீட்டி வச்ச வார்த்தை ஒண்ணும் வாய்க்கு வரல. "நாளைக்கு"ன்னேன். "சரி, நான் ஆட்டைப் பிடிச்சுத் தாரேன்"னாவ. பிடிச்சும் தந்தாவ. நல்லாத்தான் பிடிச்சாவ, ஒரு ஆடும் திமிரல.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல தலையை நீட்டிப் பாத்துட்டு, "மனுசன் மாறிட்டாருல்லா, சந்தோசப்படு தாயி"ன்னா. கல்யாணம் ஆகி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. ஒரு காரியத்துக்கு முன்னால என்கிட்ட அவிய கேட்ட மொதக் கேள்வி அது. சந்தோசம்தான், இல்லைங்கல. அந்த ரெண்டு வார்த்தை அவிய வாயில இருந்து வருததுக்கு எனக்கு ஏழு ஆடு சாக வேண்டியதிருந்துச்சு.